"மீண்டும் கணக்கிடவா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் முடிந்துவிடுகிறது

கணக்குப்பிள்ளை | ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 43, ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மகள் பாலிடெக்னிக்கில் முதலாண்டு சேர்ந்ததும், அவளுடைய சி மொழிப் புத்தகத்தை நானும் புரட்ட ஆரம்பித்தேன். அவள் ஆய்வகப் பயிற்சியில் ஒன்று: எத்தனை பாடம் என்று கேட்க வேண்டும், ஒவ்வொன்றின் மதிப்பெண்ணையும் வாங்க வேண்டும், மொத்தமும் சராசரியும் காட்ட வேண்டும். கடைசியில் "மீண்டும் கணக்கிடவா?" என்று கேட்டு, ஆங்கில எழுத்து ஒய் அடித்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஆங்கில எழுத்து என் அடித்தால் முடிய வேண்டும்.

கைப்பேசியில் தமிழ் விசைப்பலகைதான் இருக்கிறது, அதனால் புரோகிராம் வரிகளைச் சொல்லிலேயே சொல்கிறேன். முழுவதும் டூ-வைல் லூப்புக்குள் இருக்கிறது, அதாவது ஒரு முறை செய்துவிட்டு, வைல் நிபந்தனை உண்மையானால் திரும்பச் சுற்றும். விசைப்பலகையில் அடிப்பதை வாங்குவது ஸ்கேன்எஃப். எண்களை ஸ்கேன்எஃப் %டி வைத்து வாங்குகிறேன். கடைசிப் பதிலை ஸ்கேன்எஃப் %சி வைத்து 'பதில்' என்ற கேரக்டர் (ஒரே எழுத்து வைக்கும்) வேரியபிளில் வாங்குகிறேன். வைல் நிபந்தனை, பதில் ஒய்க்குச் சமமா என்பது.

கேள்வி திரையில் வருகிறது. நான் விசையில் கை வைக்கும் முன்பே புரோகிராம் முடிந்துவிடுகிறது. கம்பைலர் ஒரு குறையும் சொல்லவில்லை. லினக்ஸ், ஜிசிசி கம்பைலர். இரண்டு மணி நேரமாக இதோடு உட்கார்ந்திருக்கிறேன்.

ஒருவரிப்பதில் | ஞாயிறு இரவு 9.52

%சி-யில் ஒரு இடைவெளி விடுங்கள். சரியாகிவிடும்.

நீலத்திரை | ஞாயிறு இரவு 10.05

அந்த ஸ்கேன்எஃப்புக்கு முன்னால் எஃப்ஃப்ளஷ் போட்டு, அடைப்புக்குள் எஸ்டிடி-இன் (விசைப்பலகை உள்ளீடு) கொடுங்கள், மிச்சம் துடைந்துவிடும். எங்கள் காலத்தில் எல்லோரும் அதைத்தான் போட்டோம். அதைவிட எளிது, ஸ்கேன்எஃப்பைத் தூக்கிவிட்டு கெட்சே போடுவது. ஒய்யைத் தட்டினாலே போதும், என்டர்கூட வேண்டாம்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு இரவு 10.31

நன்றி. எஃப்ஃப்ளஷ் போட்டேன், ஒரு மாற்றமும் இல்லை. கெட்சே போட்டால், அதற்கு வேண்டிய ஹெடர் கோப்பே இல்லை என்கிறது கம்பைலர். ஒருவரிப்பதில் சொன்னபடி %சி-க்குப் பின்னால் இடைவெளி விட்டேன். இப்போது காத்திருக்கிறது! ஆனால் ஒய் அடித்து என்டர் தட்டினாலும் முடிந்துவிடுகிறது. முன்பு கேட்காமல் போனது, இப்போது கேட்டுவிட்டுப் போகிறது.

ஆய்வகத்துஅக்கா | ஞாயிறு இரவு 11.10

கணக்குப்பிள்ளை சார், இடைவெளியை %சி-க்குப் பின்னால் அல்ல, முன்னால் விட வேண்டும். மேற்கோள் குறி, இடைவெளி, %சி. ஏன் என்று தெரியாமல் போட்டுவிட்டால் அடுத்த புரோகிராமில் திரும்பவும் இதே இடத்தில் நிற்பீர்கள். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கடைசி மதிப்பெண்ணாக 60 என்று அடித்து என்டர் தட்டுகிறீர்கள். உங்களைப் பொறுத்தவரை நீங்கள் கொடுத்தது ஒரே எண். புரோகிராமுக்குப் போய்ச் சேர்வது மூன்று எழுத்து: 6, 0, புதுவரி (என்டர் தட்டியதற்கான எழுத்து). %டி எண்ணை மட்டும்தான் எடுக்கும். 6-ஐயும் 0-வையும் எடுத்துக்கொண்டு, புதுவரியைத் தொடாமல் நின்றுவிடும். உங்கள் தொழில் பாஷையில் சொன்னால் அது பழைய பாக்கி. அடுத்து %சி வருகிறது. அதற்கு எந்த எழுத்தானாலும் சரி, ஒன்று வேண்டும், அவ்வளவுதான். வாசலில் நிற்கும் புதுவரியை எடுத்துக்கொள்ளும். புதுவரி ஒய் அல்ல, ஆகவே லூப் முடிகிறது. நீங்கள் பதில் சொல்லவில்லை என்று நினைக்கிறீர்கள். புரோகிராமோ பதில் வாங்கியாயிற்று என்று நினைக்கிறது.

சந்தேகம் இருந்தால் 'பதில்' வேரியபிளை %டி வைத்து எண்ணாக அச்சிட்டுப் பாருங்கள். 10 என்று வரும், அது புதுவரியின் ஆஸ்கி எண். சின்ன ஒய் வந்திருந்தால் 121 காட்டும்.

எண்களை வரிசையாக வாங்கும்போது மட்டும் ஏன் சிக்கல் இல்லை? %டி, எண்ணைத் தேடும்போது முன்னால் கிடக்கும் இடைவெளி, டேப், புதுவரி எல்லாவற்றையும் தானே தாண்டிக்கொள்ளும். %சி தாண்டாது, அதற்கு இடைவெளியும் ஓர் எழுத்துதான். அதனால்தான் அந்தத் தாண்டும் வேலையை நாம் முன்னால் ஒரு இடைவெளி வைத்துச் சொல்கிறோம். பின்னால் வைத்தபோது நடந்தது இதுதான்: %சி வழக்கம்போலப் புதுவரியை விழுங்கியது. அதன் பிறகு "வெற்றிடம் அல்லாத ஏதாவது வரும்வரை தாண்டு" என்ற கட்டளைக்காகக் காத்திருந்தது. நீங்கள் அடித்த ஒய், தாண்டலை நிறுத்தத்தான் பயன்பட்டது. வேரியபிளில் இருந்தது அதே பழைய 10.

நீலத்திரை | திங்கள் காலை 6.20

எனக்கு எஃப்ஃப்ளஷ் வேலை செய்ததே? டர்போ சி-யில் எத்தனை வருடம் போட்டிருக்கிறேன்.

ஆய்வகத்துஅக்கா | திங்கள் காலை 7.05

அங்கே வேலை செய்தது, மறுக்கவில்லை அண்ணா. ஆனால் சி மொழித் தரம் எஃப்ஃப்ளஷ்ஷை வெளியீட்டுப் பக்கத்துக்குத்தான் வரையறுக்கிறது. உள்ளீட்டுப் பக்கம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. சில கம்பைலர்கள் தம் இஷ்டத்துக்குப் பாக்கியைத் துடைத்துக் கொடுத்தன. லினக்ஸ் டெர்மினலில் அது ஒன்றும் செய்யாது.

கெட்சே கதையும் அதுதான். அது இருக்கும் ஹெடர், டாஸ் காலத்துக் கம்பைலர்களுடன் வந்தது, தரத்தில் சேர்ந்தது அல்ல. போர்லண்ட் டர்போ சி வெளியிட்டது 1987-இல். இன்னும் அதை டாஸ்பாக்ஸுக்குள் (இன்றைய கணினியில் பழைய டாஸ்போல நடிக்கும் மென்பொருள்) வைத்து ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். இன்ட் என்னும் முழு எண் வேரியபிள் 32767-க்கு மேல் போனால் எதிர்மறை எண் வரும் உலகம் அது. கெட்சேவைப் போலவே ஒரு விசைக்காகக் காத்திருக்கும் கெட்ச்சைப் பிள்ளைகள் பிள்ளையார் சுழிபோல ஒவ்வொரு புரோகிராமிலும் போடுவார்கள், ஆனால் கடைசியில். ஏன் என்று கேட்டால் "அது போடணும் மிஸ்" என்பார்கள். வெளியீட்டுத் திரை மறையாமல் நிற்பதற்காக யாரோ எப்போதோ போட்டது, வழிவழியாக வந்துவிட்டது.

நீலத்திரை | திங்கள் காலை 7.30

ஆல்ட்-எஃப்5 அடித்தால் அந்தத் திரை திரும்ப வரும் என்பதை நானே மூன்றாம் ஆண்டில்தான் தெரிந்துகொண்டேன். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்டர் இல்லாமல் ஒரே தட்டில் பதில் வாங்குவது பயன்படுத்துகிறவருக்கு வசதிதானே?

பைப்லைன் | திங்கள் காலை 8.15

வசதிதான். லினக்ஸில் வேண்டுமென்றால் டெர்மினலின் அமைப்பையே மாற்ற வேண்டும். இயல்பில், நீங்கள் என்டர் தட்டும்வரை அந்த வரியை டெர்மினல் டிரைவர் தன்னிடமே வைத்திருக்கும். அதனால்தான் தப்பாக அடித்ததை பேக்ஸ்பேஸில் அழிக்க முடிகிறது. புரோகிராமுக்கு அதுவரை ஒரு எழுத்தும் போகாது. தொடக்கநிலையில் அதைப் போய்க் கிளற வேண்டாம்.

நான் கேட்க நினைத்தது வேறு. எதற்கு "மீண்டும் கணக்கிடவா" என்று கேட்க வேண்டும்? திரும்ப வேண்டுமென்றால் மேல் அம்புக்குறி, என்டர். புரோகிராம் மறுபடி ஓடும். ஒரு கேள்வியும் கேட்காத புரோகிராம்தான் நல்ல புரோகிராம்.

கணக்குப்பிள்ளை | திங்கள் மதியம் 1.45

ஐயா, கேட்கச் சொன்னது பயிற்சித் தாள், நான் அல்ல.

அக்கா சொன்னபடி எண்ணாக அச்சிட்டேன். 10! சத்தியமாகச் சொல்கிறேன், ஐந்து ரூபாய் இடிக்கும் கணக்கில் அந்த ஐந்து ரூபாய் கிடைத்தது மாதிரி இருந்தது. முன்னால் இடைவெளி விட்டதும் கேட்கிறது, நிற்கிறது, ஒய் என்றால் திரும்பத் தொடங்குகிறது.

இப்போது புதுச் சிக்கல். முதல் முறை 70, 80, 90 கொடுத்தேன், சராசரி 80. சரி. இரண்டாம் முறை மூன்று பாடத்துக்கும் 60 கொடுத்தேன். சராசரி 140 என்கிறது. நூற்றுக்கு 140 வாங்குகிற பிள்ளை எங்கே இருக்கிறது?

ஒருவரிப்பதில் | திங்கள் மதியம் 1.50

மொத்தத்தை லூப்புக்குள் பூஜ்ஜியமாக்குங்கள்.

ஆய்வகத்துஅக்கா | திங்கள் மாலை 6.30

ஒருவரிப்பதில் சொன்னதுதான். மொத்தம் = 0 என்பது டூவுக்கு மேலே இருக்கிறது, ஒரே முறைதான் நடக்கிறது. இரண்டாம் சுற்றில் பழைய 240-உடன் 180 சேர்ந்து 420 ஆகிறது, மூன்றால் வகுத்தால் 140. புரோகிராமைத் திரும்ப ஓட்டுவதற்கும் அதற்குள்ளேயே சுற்றுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். திரும்ப ஓட்டினால் எல்லாம் புதுசாகப் பிறக்கும். சுற்றினால், நீங்கள் துடைக்காதது அப்படியே இருக்கும்.

அதற்காக எல்லா வேரியபிளையும் லூப்புக்குள் நகர்த்திவிடாதீர்கள். 'பதில்' வெளியேதான் இருக்க வேண்டும். டூவின் அடைப்புக்குள் அறிவித்த வேரியபிள், அடைப்பு முடிகிற இடத்தில் முடிந்துவிடும். வைல் நிபந்தனையோ அடைப்புக்கு வெளியே இருக்கிறது. அப்படி ஒரு பெயரே தெரியாது என்று கம்பைலர் சொல்லும். வகுப்பில் வருடத்துக்குப் பத்துப் பேராவது இதைச் செய்வார்கள்.

குட்டிபுரோகிராமர் | திங்கள் இரவு 8.10

அண்ணா, லூப்பே வேண்டாம். பதில் ஒய் என்றால், புரோகிராம் தொடங்குகிற மெயின் ஃபங்ஷனையே திரும்பக் கூப்பிட்டுவிடுங்கள். மொத்தமும் தானாகப் பூஜ்ஜியம் ஆகிவிடும். நான் அப்படித்தான் செய்தேன், மதிப்பெண்ணும் கொடுத்தார்கள்.

பைப்லைன் | திங்கள் இரவு 8.25

தம்பி, ஒவ்வொரு கூப்பிடலுக்கும் ஸ்டேக் என்னும் நினைவகப் பகுதியில் இடம் போகும், முந்தையது முடியாமல் அடியில் காத்துக்கிடக்கும். பத்து முறைக்கு ஒன்றும் ஆகாது, உண்மைதான். ஆனால் கடைசியில் ஒருவர் என் அடித்ததும், பத்து மெயினும் ஒன்றன்பின் ஒன்றாக முடிய வேண்டும். மெயினின் கடைசியில் "நன்றி, வணக்கம்" என்று ஒரு வரி வைத்துப் பாருங்கள், எத்தனை முறை வருகிறது என்று. சி-யில் இது சட்டப்படி சரி. சி++-இல் தடை.

குட்டிபுரோகிராமர் | திங்கள் இரவு 8.41

ஐந்து முறை வணக்கம் சொல்கிறது. விட்டுவிடுகிறேன். கோட்டூ போட்டு மேலே குதிக்கலாமா?

பைப்லைன் | திங்கள் இரவு 8.44

கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1968-லேயே அதைத் திட்டி எழுதிவிட்டார். தூங்குங்கள்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய் இரவு 9.15

மகளிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் ஒய் மட்டும் அடிக்காமல் ஒய், இ, எஸ் என்று முழுச் சொல்லையும் அடித்தாள். கேள்விகள் எல்லாம் ஒரே வரியில் கடகடவென்று ஓடின, ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கடைசியாகக் கொடுத்த மதிப்பெண்ணையே சராசரியாகக் காட்டிவிட்டு முடிந்துவிட்டது. "அப்பா, இது உங்களுக்கு மட்டும்தான் வேலை செய்யும்" என்கிறாள்.

நடுவில், சின்ன என், பெரிய என் இரண்டுக்கு மட்டும் முடியட்டும் என்று மாற்றிப் பார்த்தேன். "பதில் சின்ன என் அல்ல, அல்லது பெரிய என் அல்ல" என்று எழுதினேன். அது எதை அடித்தாலும் முடிய மாட்டேன் என்கிறது.

ஆய்வகத்துஅக்கா | செவ்வாய் இரவு 10.20

இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். ஒரு எழுத்து ஒரே நேரத்தில் சின்ன என்னாகவும் பெரிய என்னாகவும் இருக்க முடியாது. ஆகவே அந்த இரண்டு "அல்ல"வில் ஒன்று எப்போதும் உண்மை. "அல்லது" என்று சேர்த்தால் நிபந்தனை எப்போதும் உண்மை. அங்கே வேண்டியது "மற்றும்". பேச்சில் நாம் "அதுவும் இல்லை இதுவும் இல்லை" என்று சரியாகத்தான் சொல்கிறோம், எழுதும்போது "அல்லது" வந்து உட்கார்ந்துகொள்கிறது. டூலோயர் வைத்துச் சின்ன எழுத்தாக்கிவிட்டு ஒன்றுடன் மட்டும் ஒப்பிட்டால் இந்தக் குழப்பமே இல்லை.

இப்போது மகள் செய்தது. %சி ஒய்யை எடுத்தது. இ, எஸ், புதுவரி பாக்கி. அடுத்த சுற்றில் "எத்தனை பாடம்" என்ற %டி வந்து பார்க்கிறது, எதிரே இ நிற்கிறது. எண் இல்லை, ஆகவே ஒன்றும் எடுக்காமல் திரும்பிவிடும். பாட எண்ணிக்கை பழைய 3-ஆகவே இருக்கும். மதிப்பெண் கேட்ட மூன்று முறையும் அதே கதை, கடைசியாக வாங்கிய மதிப்பெண்ணே மூன்று முறை கூட்டப்படும். கடைசியில் %சி வந்து அந்த இ-யை எடுத்துக்கொள்ளும். ஒய் அல்ல, முடிந்தது. ஸ்கேன்எஃப் ஒவ்வொரு முறையும் "எத்தனை மதிப்பு வாங்கினேன்" என்று ஒரு எண்ணைத் திருப்பித் தருகிறது. நாம் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

இதற்கு மேல் ஒட்டுப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மனிதர்கள் கொடுப்பது எழுத்தெழுத்தாக அல்ல, வரிவரியாக. அடித்து, பார்த்து, என்டர் தட்டுகிறோம். புரோகிராமும் வரியாகவே வாங்கட்டும். 80 இடமுள்ள ஒரு கேரக்டர் அரே வைத்துக்கொண்டு எஃப்கெட்ஸில் முழு வரியையும் வாங்குங்கள். எண் வேண்டும் என்றால் அந்த வரியிலிருந்து எஸ்ஸ்கேன்எஃப்பால் பிரியுங்கள். அது 1 தராவிட்டால் "எண் கொடுங்கள்" என்று திரும்பக் கேளுங்கள். ஒய் வேண்டும் என்றால் அந்த வரியின் முதல் எழுத்தைப் பாருங்கள், மீதி என்னவாக இருந்தாலும் பரவாயில்லை. பாக்கி வைக்கவே வழியில்லை. பாடத்திட்டத்தில் ஸ்கேன்எஃப்தான் முதலில் வருகிறது, எனக்கு அதில் கோபம் உண்டு. எண்ணும் எழுத்தும் கலந்து வாங்கும் முதல் புரோகிராமிலேயே அது பிள்ளைகளைக் கவிழ்க்கிறது.

பழைய புத்தகத்தில் கெட்ஸ் என்று பார்த்தால் தொடாதீர்கள். எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்காமல் கொட்டிக்கொண்டே போகும். 1988-இல் இணையத்தில் பரவிய மோரிஸ் புழு என்னும் தீநிரல் கணினிகளுக்குள் புகுந்த வழிகளில் ஒன்று அதுதான். 2011-ஆம் ஆண்டுத் தரத்தில் அதை நீக்கியேவிட்டார்கள்.

பைப்லைன் | செவ்வாய் இரவு 10.48

அக்கா சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு. கேள்வி வரும் இடத்தில் ஒன்றும் அடிக்காமல் கண்ட்ரோல்-டி தட்டிப் பாருங்கள். "உள்ளீடு முடிந்தது" என்று அர்த்தம். விண்டோஸில் கண்ட்ரோல்-இசட், என்டர். இரண்டாவது சுற்றிலோ அதற்குப் பிறகோ தட்டுங்கள். இப்போதுள்ள ஸ்கேன்எஃப் எதையும் வாங்காது, 'பதில்' பழைய ஒய்யாகவே இருக்கும், புரோகிராம் நிற்காமல் சராசரியாகக் கொட்டும். கண்ட்ரோல்-சி அடித்துத்தான் கொல்ல வேண்டும். எஃப்கெட்ஸ் நல் (ஒன்றும் இல்லை என்ற குறி) தந்தால் உடனே லூப்பை விட்டு வெளியேறுங்கள். வெளியேற எத்தனை வாசல் என்று எண்ணினால், என் அடிப்பது ஒன்று, இது இன்னொன்று.

கணக்குப்பிள்ளை | வியாழன் இரவு 10.05

இரண்டு நாள் ஆயிற்று, கடையில் ஸ்டாக் எடுப்பு. எல்லாவற்றையும் எஃப்கெட்ஸுக்கு மாற்றிவிட்டேன். மகள் யெஸ், நோ, வெறும் என்டர், கண்ட்ரோல்-டி எல்லாம் அடித்துப் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்றாள்.

அதன் பிறகு மனைவி உட்கார்ந்தாள். வீட்டில் டியூஷன் எடுக்கிறாள், 30 பிள்ளைகள். கேள்வி தமிழில் வருகிறது அல்லவா, "மீண்டும் கணக்கிடவா?" என்று? அவள் "ஆம்" என்று தமிழிலேயே அடித்தாள். முடிந்துவிட்டது. நான் உடனே முதல் எழுத்து ஆ-வா என்று ஒற்றை மேற்கோளில் போட்டு ஒப்பிட்டேன். கம்பைலர் ஏதோ எச்சரிக்கிறது, ஒப்பீடும் சேரவில்லை. எண்ணாக அச்சிட்டால் -32 வருகிறது. இ அடித்தாலும் -32.

இன்னொன்றும் சொன்னாள். "30 பிள்ளைக்கும் ஒவ்வொரு முறை ஒய் அடிக்கவா?"

ஆய்வகத்துஅக்கா | வியாழன் இரவு 10.50

முதலில் -32. எழுத்துகளை பைட்டுகளாக வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆ என்பது ஒரு பைட் அல்ல, மூன்று: 224, 174, 134. இ என்பது 224, 174, 135. நீங்கள் பார்த்தது முதல் பைட் மட்டும், அது இரண்டுக்கும் ஒன்றே. 224-ஐக் குறியுள்ள எட்டு பிட்டில் படித்தால் -32. தமிழ் எழுத்துகள் எல்லாவற்றுக்கும் முதல் பைட் 224-தான். "முதல் எழுத்தைப் பார்" என்று நான் சொன்னது ஆங்கிலத்துக்கு மட்டும் பொருந்தும். என் தவறு.

"ஆம்" ஒன்பது பைட், "இல்லை" பதினைந்து. கேரக்டர் வேரியபிளில் அடங்காது, ஆகவே சரமாக, இரட்டை மேற்கோளில் வைத்து ஒப்பிடுங்கள். எஸ்டிஆர்என்சிஎம்பியில் முதல் மூன்று பைட்டை "ஆ"வுடன் ஒப்பிட்டால் ஆம், ஆமாம், ஆமா மூன்றும் செல்லும். அதோடு ஒய்யையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சேராவிட்டால் முடிக்காமல் திரும்பக் கேளுங்கள்.

பைப்லைன் | வியாழன் இரவு 11.02

உங்கள் வீட்டம்மா கேட்டதைத்தான் நான் திங்கட்கிழமை கேட்டேன். அவர்களுக்கு வேறு பதிப்பு செய்யுங்கள். "எத்தனை பாடம்? முடிக்க 0". இந்த ஒரு கேள்வியே போதும். இப்போதுள்ள புரோகிராமில் 0 கொடுத்துப் பார்த்தீர்களா? முழு எண்ணைப் பூஜ்ஜியத்தால் வகுத்து நொறுங்கும். 0-வை வெளியேறும் வழியாக வைத்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

நீலத்திரை | வெள்ளி காலை 6.40

ஸ்விட்ச் (மதிப்பைப் பார்த்து வழி பிரிக்கும் கட்டளை) போட்டு அந்த 0-வைப் பிடிக்கப் போகிறீர்கள் என்றால் கவனம். அதற்குள் பிரேக் போட்டால் ஸ்விட்சைவிட்டுத்தான் வெளியே வரும், லூப் அப்படியே ஓடும். அனுபவம்.

கணக்குப்பிள்ளை | வெள்ளி இரவு 9.30

இரண்டு பதிப்பும் தயார். மகளுடைய ஆய்வகத்துக்குக் கேள்வியுடன் ஒன்று, டியூஷனுக்கு 0-வுடன் ஒன்று. சராசரியும் இப்போது தசமத்தோடு வருகிறது. 241-ஐ 3-ஆல் வகுத்தால் 80 என்று வந்துகொண்டிருந்ததை மனைவிதான் கவனித்தாள். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதி போய்விடும் என்று புத்தகத்திலேயே இருந்தது.

மகள் சும்மா இருப்பாளா? பதில் கேட்கும் இடத்தில் கே விசையை அழுத்திப் பிடித்துவிட்டு என்டர் தட்டினாள். 200 எழுத்தாவது இருக்கும். "ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள்" என்பது அடுத்தடுத்து மூன்று முறை வந்தது. எழுதி இங்கே கேட்கத்தான் உட்கார்ந்தேன், பாதியில் எனக்கே புரிந்தது. 80 இடத்தில் 79 எழுத்துதான் கொள்ளும், மீதி அடுத்த எஃப்கெட்ஸுக்குப் போகிறது. அதே பழைய பாக்கிதான்.

வாங்கிய வரியில் புதுவரி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லையென்றால் அது வரும்வரை கெட்சாரால் ஒவ்வொன்றாக எடுத்து எறிகிறேன். உள்ளீடு முடிந்தாலும் நிற்கிறது. இப்போது ஒரு முறைதான் கேட்கிறது.

பைப்லைன் | வெள்ளி இரவு 9.41

கெட்சார் தருவதை இன்ட்டில்தானே வாங்கினீர்கள்? கேரக்டரில் வாங்கினால் உள்ளீடு முடிந்ததைச் சில கணினிகளில் கண்டுபிடிக்கவே முடியாது.

கணக்குப்பிள்ளை | வெள்ளி இரவு 9.44

கேரக்டரில்தான் வாங்கியிருந்தேன். மாற்றிவிட்டேன். நாளைக் காலை ஏழு மணிக்கு டியூஷன்.